ஆரோக்கியசாமி சார் மீட்டர் பார்க்காத வீடு

செய்தி எனக்கு நாற்பத்தோராவது ஆளாகத்தான் வந்தது. காலையில் பல் விளக்கிவிட்டுக் கைப்பேசியை எடுத்தால், நம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் "ஈ.பி. ஆரோக்கியசாமி சார் இன்று அதிகாலை காலமானார்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே நாற்பது பேர் எனக்கு முன்பே கைகூப்பி முடித்திருந்தார்கள். நானும் கூப்பினேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், துக்கம் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் வேறொன்று வந்துவிட்டது. போன வாரம் இதே குழுவில் வாரத்தாளில் வந்த என் பத்தியை நான் போட்டபோது விழுந்த கட்டைவிரல்கள் மூன்று. ஒன்று நானே போட்டது. இன்னொன்று என் மனைவி மங்கை. மூன்றாவது எட்டாம் கிராஸ் தெருப் பல் டாக்டர். அதுவும் கை தவறிப் பட்டுவிட்டது என்று பிறகு நேரில் பார்த்தபோது வருத்தம் தெரிவித்தார்.

செத்துப் போயும் என்னை ஜெயிக்கிறாரே மனுஷன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டபடியே மறுபடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது.

அவரைத் தெரியாதவர்கள் தில்லை நகரில் கிடையாது. ஆனால் இந்த வாரத்தாளை இப்போது புத்தூர் வரைக்கும் கேட்காமலேயே வீட்டுக்குள் வீசிவிட்டுப் போகிறார்கள் என்பதால், அந்தப் பக்கத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆரோக்கியசாமி சார் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கும் மேலாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் கிராஸ் தொடங்கி கடைசி கிராஸ் வரை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, மீட்டரைப் பார்த்து, பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டையில் குறித்துவிட்டுப் போனவர். ஒல்லி, உயரம், சட்டைப் பையில் பேனாவும் ஒரு குட்டி டார்ச்சும். எந்த வீட்டு நாயும் அவரைப் பார்த்துக் குரைத்ததில்லை. நான் இருபது வருடமாகக் குடியிருக்கும் வீட்டில், நான் சோறு போடும் நாய் என்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் ஒரு நல்ல மனிதர்மேல் வயிறெரிந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. நான் ஸ்ரீரங்கத்துக்காரன். கல்யாணம் ஆகி ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவன். குடியிருப்பது ஒன்பதாம் கிராஸில் மாமனார் கட்டிய வீட்டில். அவர் போய்ப் பல வருடம் ஆகியும் வாசலில் அவர் பெயர்ப் பலகைதான் தொங்குகிறது; கூரியர்காரர்கள் என்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் "ஆமா" என்று கையெழுத்துப் போடுகிறேன். இந்த வாரத்தாளில், ஸ்கேன் விளம்பரத்துக்கும் நீட் கோச்சிங் விளம்பரத்துக்கும் இடையே கிடைக்கும் கால் பக்கத்தில், நம் ஏரியாவைப் பற்றி எழுதத் தொடங்கியபோது எனக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த ஏரியாவின் வாயில் நான் வைத்த பெயர் ஒன்று, ஒரே ஒன்று, உட்கார்ந்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

முதல் பத்தியில் கொஞ்சம் திமிராகவே எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் வீதிக்கு வீதி பெயர் உண்டு, மூலைக்கு ஒரு கதை உண்டு. இங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்தான். எண்ணுக்கு ஏது வரலாறு, வெறும் பொட்டலில் கோடு கிழித்து மனை போட்ட இடம்தானே என்று. சனிக்கிழமை தாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. பழைய சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆரோக்கியசாமி சார் நின்றார்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்ங்க, ரைட்டர்" என்றார்.

பொட்டல் இல்லை, வயல் என்றார். சம்பா விளைந்த வயல். உங்கள் மாமனார் எங்கே மீட்டர் பெட்டி வைத்திருக்கிறாரோ அங்கே ஒரு வாய்க்கால் போனது. அதனால்தான் பெட்டிக்குக் கீழே சுவரில் எத்தனை தடவை பூசினாலும் ஈரம் ஏறுகிறது, போய்ப் பாருங்கள் என்றார். பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஈரம். என் மாமனார் சாகும்வரை அந்த ஈரத்துக்காகக் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மங்கை அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசனையிலேயே தெரிந்துவிட்டது, முதல் டிகாஷன். எனக்கு அந்த வீட்டில் எப்போதும் இரண்டாவது டிகாஷன்தான்.

போகும்போது சைக்கிளில் கையை வைத்தபடி சொன்னார்: "உங்க ஊர்ல எல்லாத்துக்கும் பேரு வெச்சு முடிச்சுட்டாங்க. இங்க இப்பத்தான் வெக்கிறோம். அதனால கொஞ்சம் பாத்து வெக்கணும்."

அதற்குப் பிறகு, ஒன்றே ஒன்றைத் தவிர, ஒரு ஞாயிறு தவறியதில்லை. நான் எழுதுவேன், அவர் வருவார், ஒரே ஒரு சின்ன விஷயம் சொல்வார், முதல் டிகாஷனைக் குடிப்பார், போய்விடுவார். கொடுமை என்னவென்றால் அந்தச் சின்ன விஷயம் என் முழுப் பத்தியைவிடவும் நன்றாக இருக்கும். மங்கையும் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீங்க எழுதறதை நிறுத்திட்டு அவர் சொல்றதை அப்படியே போட்டா என்ன?" என்று கேட்டாள். தாலி கட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அவர் வரலாறு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை விசாரித்தேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்துதான் என்றார். விருந்தாளி வந்தால் ஹாலைப் பெருக்குவோம். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் இருக்கும் மூலையை எவரும் பெருக்குவதில்லை, ரீடிங் எடுப்பவரை விருந்தாளியாகவும் நினைப்பதில்லை. அந்த மூலையில்தான் வீட்டின் நிஜம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒரு தடவை போனால் தொட்டில். அப்புறம் மூன்று சக்கரச் சைக்கிள். பிறகு பெரிய சைக்கிள். ஒருநாள் அந்தச் சைக்கிளில் காற்று இறங்கியிருக்கும், பையன் அமெரிக்கா போயிருப்பான். இன்னும் சில வருடம் கழித்து அதே இடத்தில் ஒரு வாக்கர், ஒரு சக்கர நாற்காலி. அதற்கும் அப்புறம் பூட்டு.

தில்லை நகர் மாறிய விதத்தையும் அவர் மீட்டரிலேயே சொல்வார். ஆரம்பத்தில் வீட்டுக்கு ஒரு மீட்டர். முன்னால் செம்பருத்தி, பின்னால் கிணறு, பேங்க் ஆபீசரோ என்ஜினீயரோ உள்ளே. அப்புறம் ஒன்று இரண்டானது. "ஒரு மீட்டர் ரெண்டாச்சுன்னா மாடிக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க, இல்லாட்டி அண்ணன் தம்பி பேசிக்கலைன்னு அர்த்தம்" என்பார். பிறகு டாக்டர்கள் வந்தார்கள். கீழே கிளினிக், மேலே குடும்பம் என்று கொஞ்ச காலம். பெரிய எந்திரங்களுக்கான த்ரீ ஃபேஸ் கனெக்ஷன் வந்த அன்று குடும்பமும் போய்விட்டது, செம்பருத்தியும் போய்விட்டது. கடைசியில் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டி, வரிசையாக ஒரே சுவரில் பன்னிரண்டு மீட்டர். "பன்னெண்டு மீட்டர் இருக்கிற இடத்துல எதுக்குப் பக்கத்துலயும் ஒரு சாமானும் இருக்காதுங்க. அங்க எனக்கு யாரையும் தெரியாது" என்றார். அதைச் சொன்னபோது மட்டும்தான் அவர் குரலில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

அந்த அண்ணன் தம்பி வரியை நான் திருடி என் பத்தியில் போட்டேன். அன்று பதினேழு கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேறு ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊர் வம்பில் எனக்குள்ள ஆர்வம் நீங்கள் அறிந்ததுதான். இரண்டு மீட்டர் ஆன வீடுகள் எவையெவை என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். பெயரே சொல்லமாட்டார். ஐந்தாம் கிராஸில் ஒரு வீட்டில் மாமியார் மருமகள் சமாச்சாரம் தெரிந்துகொள்ள மங்கையை விட்டு இரண்டு வடை வைத்துக்கூடக் கேட்டேன். வடையைச் சாப்பிட்டுவிட்டு, "படிக்கட்டுக்குக் கீழ பாத்ததை ரோட்டுல சொல்றதில்லைங்க" என்றார். முப்பது வருடச் சரக்கை இப்படி ஒருவர் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடினால் என்னைப் போன்றவன் எப்படித் தூங்குவது?

ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் அவர் உட்கார்ந்த இடம் மெயின் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்ச். அங்கேதான் அவருடைய உண்மையான ஆட்சி. வையம்பட்டியிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் பஸ் பிடித்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஒரு சீட்டை நீட்டுவார்கள். அதில் கிராஸ் எண் இருக்கும், கிழக்கா மேற்கா என்பது இருக்காது. ஆட்டோக்காரர்கள் சாரைப் பார்ப்பார்கள். சார் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெயர் சொல்வார். பாதாம் மர வீடு. நீலக் கேட் வீடு. வீணை டீச்சர் வீடு. மரமும் இல்லை, கேட்டும் இல்லை, டீச்சர் பெங்களூரில் மகளோடு இருக்கிறார். ஆனால் ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை ஓட்டுநர்களுக்கும் அந்தப் பெயர்கள் அத்துப்படி. தில்லை நகரில் இல்லாத வீடுகளைச் சொன்னால்தான் இருக்கிற வீடுகளுக்குப் போக முடியும் என்ற நிலைமையை ஒரே ஆளாகக் கொண்டுவந்தவர் அவர்.

தொட்டியத்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். பாதாம் மர வீட்டில் இறக்கிவிடச் சொல்லி சார் காஜாவின் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். காஜா ஸ்டாண்டிலேயே மூத்த ஓட்டுநர். கால் மணியில் மூவரும் திரும்பி வந்துவிட்டார்கள். மரம் இல்லாத இடத்தில் இறங்கமாட்டேன் என்று அந்த அம்மா பிடிவாதம். "அவரு மரம்னு சொன்னாருல்ல, இவரு ஏதோ கண்ணாடிக் கட்டடத்துல கொண்டுபோய் விடப் பாக்குறாரு" என்று காஜாமேல் புகார். சார் டீயை அப்படியே வைத்துவிட்டு அவர்களோடு போனார். ஸ்கேன் சென்டர் வாசலில் இறங்கி, டூவீலர்கள் நிற்கும் இடத்தைக் காட்டி, "இங்கதாம்மா இருந்துச்சு. நிழல் அந்தச் சுவர் வரைக்கும் வரும்" என்றாராம். அந்த அம்மா அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டி உள்ளே போய்விட்டார்.

இப்படித் தினமும் பத்துப் பேர் வந்து "பாதாம் மர வீடு இதுதானா?" என்று கேட்டதில் ரிசப்ஷன் பெண்கள் சோர்ந்துபோய், கடைசியில் நிர்வாகமே வாசலில் ஒரு பெரிய தொட்டியில் பிளாஸ்டிக் மரம் கொண்டுவந்து வைத்தது. எங்கள் தெருப் பள்ளத்தைப் பற்றி நான் எட்டு வாரம் எழுதியும் அதில் ஒரு கூடை மண் விழவில்லை. அவர் டீ குடித்துக்கொண்டே ஒரு மரத்தை முளைக்க வைத்துவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த முனைக்கு 'தலைவலி முக்கு' என்று பெயர் வைத்து எழுதினேன். நன்றாகத்தானே இருக்கிறது? ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மங்கை மட்டும் பயன்படுத்தினாள், அதுவும் நான் ஹாலில் உட்காரும் மூலைக்கு.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் அசிங்கமான பகுதி. ஒரு பொங்கல் விழாவில் குடியிருப்போர் சங்கம் ஆரோக்கியசாமி சாருக்குப் பொன்னாடை போர்த்தியது. வாழ்த்து மடலை எழுதித் தரும் பாக்கியம் எனக்கு. "நடமாடும் தில்லை நகர்" என்று நானே என் கையால் எழுதி, மேடைக்குப் பொன்னாடையைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதும் நானே. புகைப்படத்தில் என் இடது கை மட்டும் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை உட்கார்ந்து ஒரு வீட்டைக் கட்டினேன்.

எட்டாம் கிராஸ் முனையில் முன்பு சிங்கமுக வீடு என்று ஒன்று இருந்தது என்று எழுதினேன். வாசல் தூண்கள் இரண்டிலும் சிமெண்டுச் சிங்கத் தலைகள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. பொங்கலுக்குப் பொங்கல் சிங்கத்தின் பற்களுக்கு மட்டும் புது வெள்ளை அடிப்பார். ஒரு வார்த்தை நிஜமில்லை. அந்த முனையில் வெகுகாலம் காலி மனைதான் கிடந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். சாரை மாட்டவைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஞாயிற்றுக்கிழமை வருவார், அப்படி ஒரு வீடே இல்லை என்பார், இருந்தது என்று நான் சாதிப்பேன், ஒரு தடவையாவது அவர் வாய் அடைத்து நிற்பதைப் பார்ப்பேன்.

நடந்தது வேறு. தில்லை நகரே சிங்கமுக வீட்டை நினைவுகூர்ந்தது. பத்தாம் கிராஸில் ஒரு முன்னாள் வங்கி மேனேஜர், சின்ன வயதில் அந்தச் சிங்கத்தின் வாயில் விரல் மாட்டிக்கொண்டு எண்ணெய் விட்டுத்தான் எடுத்தார்கள் என்று தழும்பைக் காட்டினார். இங்கேயே பிறந்து வளர்ந்த மங்கை, தாளை மடித்து வைத்துவிட்டு, "வலது பக்கத்துச் சிங்கத்துக்குக் காது உடைஞ்சிருக்கும். அதை எழுத விட்டுட்டீங்களே" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் மணி அடிக்கவில்லை. அத்தனை வருடத்தில் அவர் வராத ஒரே ஞாயிறு அது.

நாலு நாள் கழித்து டீக்கடையில் பிடித்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார். "சிங்கம் நல்லா இருந்துச்சுங்க, ரைட்டர்" என்றார். டீயை ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, "எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கிழக்க" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். அவ்வளவுதான். "நான் மீட்டர் பாக்காத வீடு தில்லை நகர்ல கிடையாதுங்க" என்று ஆயிரம் தடவை சொன்ன மனிதர், இல்லாத வீட்டுக்குத் தலையாட்டுகிறார். அப்படியானால் ஒரே அர்த்தம்தான், அவருக்கு மறதி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மங்கையிடம் "பாவம், சாருக்கு ஞாபகம் போகுது" என்றேன். சங்கத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன், அதாவது எல்லோரிடமும் சொன்னேன். என் குரலில் வருத்தம் சரியான அளவில் இருந்ததாக நினைவு.

பிறகு சங்கம் மெயின் ரோட்டில் ஏரியா வரைபடப் பலகை வைக்க முடிவு செய்தபோது, செயலாளர் என்னிடம் வந்து, "ஆரோக்கியசாமி சார்கிட்டத்தான் கேக்கணும், ஆனா அவருக்கு இப்ப ஞாபகம் முன்ன மாதிரி இல்லியாமே" என்றார். நான் ஊற்றியதையே எனக்குப் பரிமாறினார். நான் பெருமூச்சு விட்டு, ஒப்புக்கொண்டு, வரைந்து கொடுத்தேன். அதில் சிங்கமுக வீட்டைப் போட எனக்கே தைரியம் வரவில்லை. பலகைக்கு முன்னால் எந்நேரமும் ஆட்டோ நிற்பதால் அதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. எட்டாம் கிராஸ் முனை வழியாகப் போவதையும் அன்றோடு விட்டேன். வீடு ஒன்பதாம் கிராஸில் இருந்தும் நாலு வருடமாகப் பத்தாம் கிராஸைச் சுற்றித்தான் வருகிறேன். நடைப்பயிற்சி என்று மங்கை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவது மட்டும் நிற்கவில்லை. என் பத்தியில் வேறு தவறுகளுக்குப் பஞ்சமா?

அடக்கத்துக்கு நான் போனபோது சர்ச் வாசல் வரை கூட்டம். ஐந்தாம் கிராஸ் மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் நின்று அழுதார்கள். முக்கால்வாசிப் பேர் இப்போது இங்கே குடியில்லை. வீட்டை டாக்டருக்கோ துணிக்கடைக்கோ விட்டுவிட்டு எங்கெங்கோ போனவர்கள். தங்கள் மாடிப்படிக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரிந்த கடைசி ஆளை வழியனுப்ப வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த அவருடைய மகள் என்னைப் பார்த்து, "நீங்கதானே ரைட்டர் அங்கிள்? சனிக்கிழமை ஆனா போன்ல உங்க பத்தியைத்தான் அப்பா வாசிச்சுக் காட்டுவாரு" என்றாள். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

கல்லறைத் தோட்டத்திலிருந்து காஜாவின் ஆட்டோவில் திரும்பினேன். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் மகளின் உறவுக்காரர் ஒருவர், ஊருக்குப் புதியவர், கைப்பேசியில் யாருக்கோ வழி சொல்லத் தெரியாமல் திணறினார். காஜா அதை வாங்கி, "சிங்கமுக வீடு தாண்டி ரெண்டாவது லெஃப்டுங்க. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

அந்த உறவுக்காரர் இறங்கிய பிறகு மெதுவாகக் கேட்டேன், சிங்கமுக வீடா, அது எங்கே இருக்கிறது என்று. காஜா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எங்கயும் இருந்ததில்ல சார். அது உங்களுக்கும் தெரியும், ஸ்டாண்டுல எங்க எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு வீடே கிடையாதுடா, நான் மீட்டர் பாத்ததில்லன்னு ஆரோக்கியசாமி சார் அன்னைக்கே சொல்லிட்டாரு. ஆனா ரைட்டர் அக்கரையிலேருந்து வந்து நம்ம ஏரியாவுல வெச்ச பேரு, கீழ விழுந்துடக் கூடாது, எல்லாரும் சொல்லிப் பழகுங்கன்னாரு. பழகிட்டோம்."

சாருக்கு மறதி என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அவருக்குத் தெரியுமா என்று கேட்க வாய் வரவில்லை. காஜாவே சொன்னார்.

"நான்தான் கோவமா அவர்கிட்ட போய், 'உங்களுக்கு ஞாபகம் போச்சுன்னு ரைட்டர் பேசுறாராமே'ன்னு சொன்னேன். சிரிச்சாரு சார். நல்லதுதான் காஜா, ஞாபகம் இல்லாதவன்கிட்ட வந்து சிங்கமுக வீடு நெசமான்னு யாரும் கேக்க மாட்டாங்க, கேட்டா நான் பொய் சொல்லணும்னாரு."

வண்டி எட்டாம் கிராஸ் முனைக்குத் திரும்பியது. வேண்டாம், பத்தாம் கிராஸ் வழியாகப் போங்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் காஜா நிறுத்திவிட்டார். பல் டாக்டரின் புதுக் கட்டடம். வாசல் தூண்கள் இரண்டிலும் சிங்கத் தலைகள். பற்கள் மட்டும் பளீரென்ற வெள்ளை. வலது பக்கத்துச் சிங்கத்துக்கு ஒரு காது பாதிதான் இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். நோயாளிகள் எல்லாம் சிங்கமுக வீடு எங்கே என்று கேட்டு வந்ததால் வைத்துவிட்டாராம். எப்படி இருக்க வேண்டும் என்று ஆரோக்கியசாமி சார்தான் பக்கத்தில் நின்று சொன்னாராம். கேட் தெற்கே இருப்பதால் முகம் ரோட்டைப் பார்த்தால்தான் அழகு என்று கொத்தனார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். "கிழக்கதான் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாருங்க. காது விஷயம் உங்க வீட்ல மேடம்கிட்ட கேட்டுக்கிட்டு வந்து சொன்னாரு. உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேன், நீங்க இந்தப் பக்கமே வர்றதில்ல." அந்த இரண்டு சிங்கங்களும் ரோட்டைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்து ஏ.சி. பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தன. அது கிழக்கு.

ஆகவே, தில்லை நகர்வாசிகளே, இதை நான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். சிங்கமுக வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆரோக்கியசாமி சாருக்குக் கடைசி நாள் வரை எதுவும் மறக்கவில்லை. மறதி என்றது என் பொறாமை. நீங்கள் நம்பப்போவதில்லை என்பதும் தெரியும். இந்தப் பத்தியை முதலில் படித்த மங்கையே, "இல்லாத சிங்கத்துக்கா காது உடைஞ்சுது? துக்கத்துல என்னென்னவோ எழுதறீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாளை மறுநாள் ஞாயிறு. முதல் டிகாஷன் இனி எனக்குத்தான். பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. நான் சொன்ன பொய்யைக்கூட என்னைவிட நன்றாகச் சொன்னவர்மேல் அது எப்படித் தீரும்? ஆனால் மாமனார் பெயர்ப் பலகை தொங்காத வீடு ஒன்று இந்த ஏரியாவில் இப்போது எனக்கென்று இருக்கிறது. கிழக்குப் பார்த்தது. மீட்டர் கிடையாது. கட்டிக்கொடுத்தவர் ஆரோக்கியசாமி சார்.